வீழ்ந்தவன் மீண்டும் எழுவது எதற்காக?

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குத்துச்சண்டை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, முல்லையாற்றங்கரையில் காலை மாலை உலாவி வரும் முதியவனுக்குக் குத்துச்சண்டையோடு என்ன உறவு என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாலும் குற்றமில்லை. குத்துச்சண்டை எப்படிச் செய்வது என்று சொல்ல நான் வரவில்லை. அவ்விளையாட்டில் எழும் ஒரு கேள்வி, எல்லா மனிதருடைய வாழ்விலும் ஒருமுறையேனும் எழுந்தே தீரும். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

கேள்வி இதுதான். உலக வீரன் என்னும் பட்டம் தாங்கிய ஒருவன், எதிரியின் குத்தினால் நிலைகுலைந்து மேடையில் வீழ்கின்றான். நடுவர் ஒன்று முதல் பத்து வரை எண்ணுகின்றார். அதற்குள் அவனால் எழ முடியவில்லை. இதனையே 'நாக் அவுட்' என்பர். ஆயிரக்கணக்கான மக்கள் கண்முன் பட்டமும் பறிபோகின்றது, பெயரும் மங்குகின்றது. அவன் அதே எதிரியை மறுபடியும் களத்திற்கு அழைத்து, அவனை வீழ்த்திப் பழிதீர்த்துக்கொள்ள வேண்டுமா? அன்றி, நடந்தது நடந்தது என்று ஒதுங்கிவிட வேண்டுமா?

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இக்கேள்வியைக் கேட்டால் இளைஞர் என்ன விடை சொல்வர் என்பது எனக்குத் தெரியும். ஐயம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஏறு தழுவும் களத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இந்த ஆண்டு ஒரு காளை தூக்கி எறிந்தால், அடுத்த ஆண்டு அதே காளை வாடிவாசலில் வரும்வரை காத்திருப்பேன் என்று சொல்லும் பிள்ளைகளை நான் அறிவேன். "ரோசம் வேண்டாமா ஐயா?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. ரோசம் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த ரோசத்தை எங்கே வைப்பது என்பதுதான் ஆராய வேண்டியது. தீ அடுப்பில் இருந்தால் சோறு வேகும். கூரையில் இருந்தால் வீடு வேகும்.

முதலில், மறுபோட்டி வேண்டும் என்பார் கட்சிக்குச் சான்றாக விளங்கும் ஒரு வரலாற்றைச் சொல்லுகின்றேன்.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தங்கள் நம்பிக்கையின் வடிவமாகப் போற்றிய வீரர் ஜோ லூயிஸ். 1936 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் நியூயார்க் நகரில் அவர் ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை எதிர்த்தார். அதுவரை தோல்வியையே அறியாதவர் லூயிஸ். ஆனால் ஷ்மெலிங் அறிவாளி. லூயிஸின் பழைய சண்டைகளைக் கூர்ந்து நோக்கி, ஒரு குறையைக் கண்டுபிடித்திருந்தார். லூயிஸ் இடக்கையால் நேர்குத்து விட்டபின், அந்தக் கையைச் சற்றே தாழ்த்திவிடுவார். அந்த இமைப்பொழுதில் முகத்தின் இடப்புறம் காவலின்றி நிற்கும். அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலக்கை மீண்டும் மீண்டும் புகுந்தது. பன்னிரண்டாம் சுற்றில் லூயிஸ் வீழ்ந்தார்.

மறு ஆண்டு, 1937 இல், லூயிஸ் வேறொருவரை வென்று உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார். பட்டம் கைக்கு வந்துவிட்டது. உலகம் அவரை வீரர் என்றது. ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும்வரை தம்மை முழு வீரராகக் கருத அவர் உள்ளம் ஒப்பவில்லை. 1938 ஜூன் 22 ஆம் நாள், அதே நியூயார்க்கில், அதே யாங்கி மைதானத்தில் இருவரும் மறுபடி நின்றனர். முதற்சுற்றிலேயே, 124 நொடிகளில், ஷ்மெலிங் வீழ்ந்தார்.

இந்த வெற்றியை உலகம் பழிதீர்த்தல் என்று கொண்டாடியது. ஹிட்லரின் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப் பெருமைக்கு விளம்பரமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆதலால் இரு மனிதர் மோதிய மேடையில் இரண்டு நாடுகளின் பகையும் ஏற்றி வைக்கப்பட்டது. ஆனால், மாணவ நண்பர்களே, சற்றே உற்று நோக்குங்கள். லூயிஸை வெற்றிபெறச் செய்தது பகையா? தாழும் இடக்கையைத் தாழாமல் காக்கக் கற்றுக்கொண்ட பயிற்சியா? 1936 இல் ஷ்மெலிங் ஓர் ஆசிரியரைப் போல அவருடைய பிழையைச் சுட்டிக் காட்டினார். 1938 இல் லூயிஸ் அந்தப் பாடத்தைத் திருத்தி ஒப்புவித்தார்.

பிற்காலத்தில் அவ்விருவரும் நண்பர்களாயினர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. லூயிஸ் வறுமையுற்ற நாளில் ஷ்மெலிங் பொருளுதவி செய்தார். 1981 இல் லூயிஸ் மறைந்தபோது இறுதிச் சடங்கின் செலவிலும் பங்கு கொண்டார். பகை அவர்களுடையதாக இருந்திருந்தால் அது அவர்களோடு நீண்டிருக்கும். அது பிறர் ஏற்றிவைத்த சுமை; ஆதலால் மேடையை விட்டு இறங்கியதும் நீங்கிவிட்டது.

அடுத்து, ஒரே மனிதர் வாழ்வில் மறுபோட்டி நன்மையாகவும் தீமையாகவும் வந்த வரலாறு ஒன்று உண்டு. அவர் பெயர் ஃபிளாய்டு பாட்டர்சன். 1956 இல், தம் இருபத்தோராம் வயதிலேயே உலக ஹெவிவெயிட் வீரரானவர். கூச்சமும் மென்மையும் மிக்கவர். 1959 ஜூன் 26 ஆம் நாள் சுவீடன் நாட்டு வீரர் இங்கமார் யோகான்சன் அவரை மூன்றாம் சுற்றில் ஏழுமுறை கீழே தள்ளினார். ஏழு முறை! ஒவ்வொரு முறையும் எழுந்தார். ஏழாம் முறையோடு நடுவர் சண்டையை நிறுத்தினார்.

பாட்டர்சன் அவமானத்தால் குன்றிப்போனார். பல வாரம் வெளியே தலைகாட்டாமல் இருந்தார். பிறகு எழுந்து பயிற்சியில் இறங்கினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1960 ஜூன் 20 ஆம் நாள், ஐந்தாம் சுற்றில் யோகான்சனை வீழ்த்தினார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீண்டும் பெற்ற முதல் வீரர் அவரே. அந்த நொடியில் அவர் செய்ததைக் கேளுங்கள். யோகான்சன் அசைவற்றுக் கிடந்தார். ஒரு கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வெற்றிக் களிப்பை மறந்து பாட்டர்சன் மண்டியிட்டு எதிரியின் தலையைத் தம் கைகளில் ஏந்தினார். பழிவாங்க வந்தவன் செய்யும் செயலா இது? கணக்கைத் தீர்த்த கையே காயத்தையும் தாங்கிற்று.

அதே பாட்டர்சன் 1962 செப்டம்பர் 25 ஆம் நாள் சிகாகோ நகரில் சன்னி லிஸ்டன் என்னும் பெருவலி படைத்தவரிடம் முதற்சுற்றிலேயே வீழ்ந்தார். அப்போட்டி நிகழ்ந்தது 2 நிமிடம் 6 நொடி. ஒப்பந்தத்தில் மறுபோட்டிக்கு இடமிருந்தது. 1963 ஜூலை 22 ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் மறுபடி மோதினர். விளைவு என்ன? மீண்டும் முதற்சுற்றிலேயே வீழ்ந்தார். இம்முறை 2 நிமிடம் 10 நொடி. பத்து மாதக் காத்திருப்பின் பயன் நான்கு நொடி!

ஒரே மனிதர்; ஒரே ஊக்கம்; ஒரே மானம். யோகான்சனிடம் வென்ற மறுபோட்டி லிஸ்டனிடம் ஏன் தோற்றது? யோகான்சனிடம் அவர் தோற்றதற்குக் காரணம், அந்த வலக்கைக் குத்துக்குத் தக்க காவல் கொள்ளாமை. அது திருத்தக்கூடிய குறை, திருத்தினார். லிஸ்டனிடம் தோற்றதற்குக் காரணம் வலிமையின் ஏற்றத்தாழ்வு. உருவத்திலும் கைநீளத்திலும் எடையிலும் லிஸ்டன் மிக்கவர். அதனைப் பத்து மாதத்தில் திருத்த இயலாது. ஆகவே, மறுபோட்டி கேட்பவன் முதலில் தன்னைக் கேட்க வேண்டிய கேள்வி, 'நான் ஏன் தோற்றேன்?' என்பது. இதற்கு விடை காணாமல் களம் புகுந்தால் பழைய தோல்வியையே இரண்டாம் முறை வாங்கி வரவேண்டும்.

நம் வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்குச் சொன்ன அறம் குத்துச்சண்டை வீரர்க்கும் எத்துணைப் பொருந்துகின்றது என்பதற்கு லெனாக்ஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய வீரர் சான்று. 2001 ஏப்ரல் 22 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் அவர் ஹசீம் ரஹ்மான் என்பாரைச் சந்தித்தார். போட்டி நடந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 மீட்டர் உயர்ந்த பீடபூமி. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. உடல் பழக நாள் பிடிக்கும். ரஹ்மான் பல வாரம் முன்பே சென்று பழகிக்கொண்டார். லூயிஸோ ஒரு திரைப்படத்தில் தலைகாட்டிவிட்டுக் காலம் தாழ்த்தே போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். எதிரியின் வலியை இகழ்ந்தார், காலத்தை வீணாக்கினார், இடத்தை அறியாதிருந்தார். மூன்று அதிகாரங்களையும் ஒருசேர மீறியவருக்கு வேறென்ன கிட்டும்?

ரஹ்மான் மறுபோட்டிக்கு எளிதில் இசையவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தப்படி மறுபோட்டி தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 2001 நவம்பர் 17 ஆம் நாள், தக்க பயிற்சியோடு வந்த லூயிஸ் நான்காம் சுற்றில் ரஹ்மானை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். இங்கே அவர் வென்றது ரஹ்மானை மட்டுமா? ஏப்ரல் மாதத்து லூயிஸையும் அன்றோ!

இதுவரை கேட்ட அளவில், குறையை அறிந்து திருத்தினால் மறுபோட்டி நல்லதே என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். பொறுங்கள். இக்கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் ஓர் இளைஞனின் உயிர் கிடக்கின்றது.

கியூபா நாட்டைச் சேர்ந்தவர் பென்னி பேரெட். வெல்டர்வெயிட் பிரிவில் உலக வீரர். 1961 ஏப்ரல் 1 ஆம் நாள் எமில் கிரிஃபித் என்பவர் அவரைப் பதின்மூன்றாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். பேரெட் மறுபோட்டி கேட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் புள்ளிக் கணக்கில் வென்று பட்டத்தை மீட்டார். பழி தீர்ந்தது என்று அத்துடன் ஓய்ந்தாரா? இல்லை. டிசம்பர் 9 ஆம் நாள், தம்மினும் எடை மிக்க பிரிவின் வீரரான ஜீன் ஃபுல்மரோடு மோதி, பலத்த அடிபட்டுப் பத்தாம் சுற்றில் வீழ்ந்தார். அந்த அடியின் பின் நான்கு மாதமும் நிறையவில்லை. 1962 மார்ச் 24 ஆம் நாள் கிரிஃபித்தோடு மூன்றாம் முறை மேடை ஏறினார்.

எடை பார்க்கும் இடத்தில் பேரெட் ஓர் இழிசொல்லால் கிரிஃபித்தைச் சுட்டார். கிரிஃபித்தின் உள்ளம் கொதித்தது. பன்னிரண்டாம் சுற்றில் பேரெட் மூலையில் கயிற்றோடு சாய்ந்து, கை ஓய்ந்து நின்றபோது, கிரிஃபித்தின் குத்துகள் மழைபோல் பொழிந்தன. நடுவர் இடைபுகுந்தபோது காலம் கடந்துவிட்டது. நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3 ஆம் நாள் பேரெட் மறைந்தார். வயது 25. வென்ற கிரிஃபித்தோ அந்த இரவின் நினைவிலிருந்து வாழ்நாள் முழுதும் விடுபடவில்லை. வென்றவனுக்கும் வெற்றியில்லாத போட்டி அது.

இதில் உடலியல் சார்ந்த உண்மை ஒன்றை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். கை முறிந்தால் கட்டுப் போடுகின்றோம். ஊர் முழுதும் அது தெரியும். மூளை அடிபட்டால் வெளியே எந்த அடையாளமும் இராது. மூளை மென்மையானது, மண்டையோட்டினுள் ஒரு நீரில் தோய்ந்து இருப்பது. தாடையில் பலத்த குத்து விழும்போது தலை சடக்கெனத் திரும்புகின்றது. உள்ளே மூளை சுழன்று அதிர்கின்றது; நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு நோகின்றன. அதனால்தான் நினைவு தப்புகின்றது. வீழ்ந்தவன் அரை நிமிடத்தில் எழுந்து சிரிக்கலாம், பேசலாம். உள்ளே நொந்த இழைகள் ஆற நாளாகும். ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் அது முன்னையதினும் பன்மடங்கு கொடிது.

இதனை உணர்ந்தே, தலையில் அடிபட்டு வீழ்ந்தவன் குறைந்தது 30 நாள் களம் புகலாகாது என்றும், மூன்று மாதத்துள் இருமுறை வீழ்ந்தால் 90 நாளும், ஓராண்டில் மும்முறை வீழ்ந்தால் ஓராண்டும் விலகியிருக்க வேண்டும் என்றும் தொழில்முறை சாராத குத்துச்சண்டையில் விதி வகுத்தனர். அடிமேல் அடிபட்ட வீரர்கள் முதுமையில் நடை தள்ளாடி, நாக் குழறி, நினைவு மங்குவதை 1928 ஆம் ஆண்டிலேயே மார்ட்லண்டு என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக் காட்டினார்.

நம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரரைக் கேளுங்கள். கவாத்து வெட்டிய கொடியை மறுவாரமே காய்க்கச் சொல்லி அவர் அதட்டுவதில்லை. தளிர் விட்டு, பூத்து, காய்த்து, கனிய ஏறத்தாழ நான்கு மாதம் காத்திருக்கின்றார். கொடிக்குத் தரும் பொறுமையை மனித மூளைக்குத் தரலாகாதா?

இனி, நம் தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். குத்துச்சண்டை நமக்கு அயலானதன்று. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மற்ற உழைப்பாளரும் ஆங்கிலேயரிடமிருந்து இவ்விளையாட்டைக் கண்டு கற்று, தமக்கே உரியதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஆசிரியர் வழி, மாணவர் வழியாக அது வளர்ந்தது. 2021 இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படத்தின் வாயிலாக உங்களுள் பலர் இப்பெயர்களை அறிந்திருப்பீர்கள். 1980 இல் உலகப் புகழ்பெற்ற முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கையுறை அணிந்தபோது, அந்நகரம் அவரை வரவேற்ற ஆர்வத்திற்கு இந்தப் பரம்பரைகள் இட்ட அடித்தளமே காரணம்.

அந்நாளில் இப்போட்டிகளுக்கு 'ரோசமான குத்துச்சண்டை' என்றே விளம்பரப் பெயர் வழங்கிற்று. பெயரிலேயே ரோசம்! ஒரு வீரன் வீழ்ந்தால் அவன் மட்டும் வீழ்வதில்லை. அவன் பரம்பரையே வீழ்ந்ததாகக் கருதப்பட்டது. ஆகவே மறுபோட்டி தனிமனிதன் விருப்பமாக இராமல், ஊரார் சுமத்தும் கடமையாயிற்று. இதன் அழகையும் நான் உணர்கின்றேன். இதன் ஆபத்தையும் உணர்கின்றேன். பிறருடைய மானத்திற்காக ஒருவன் தன் மூளையைப் பணயம் வைப்பதை நாம் வீரம் என்று புகழ்ந்துவிட்டு, பிறகு அவன் நினைவிழந்து திண்ணையில் கிடக்கும்போது திரும்பியும் பாராமல் போவது அறமாகுமா? "போய் அடி" என்று கூவுவோர் அடிபடுவதில்லை என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

அண்மைக் காலத்து இந்திய வீரர் ஒருவரையும் காட்டுகின்றேன். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர் விஜேந்தர் சிங். பின் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கித் தொடர்ந்து 12 போட்டிகளில் வென்றார். 2021 மார்ச் 19 ஆம் நாள் கோவாவில், கப்பலொன்றின் மேல்தளத்தில் நடந்த போட்டியில், ரஷிய வீரர் ஆர்த்திஷ் லோப்சானிடம் ஐந்தாம் சுற்றில் தோற்றார். அதன் பின் ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, 2022 ஆகஸ்டு 17 ஆம் நாள் ராய்ப்பூரில் கானா நாட்டு வீரர் ஒருவரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். தம்மை வீழ்த்தியவரையே தேடிப் போகாமலும் ஒரு வீரர் எழுந்து நிற்கலாம் என்பதற்கு இது சான்று. எழுவது வேறு, பழிவாங்குவது வேறு.

தோல்வியைப் பற்றிய நம் முன்னோர் கருத்தும் இங்கே எண்ணத்தக்கது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டான். அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் என்று புறநானூற்றால் அறிகின்றோம். அந்த நாணம் பெரிது. அதனை நான் வணங்குகின்றேன். ஆனால் அது மன்னர் காலத்து அறம். பாண்டியன் நெடுஞ்செழியன் இளமையிலேயே பகைவரை வெல்வேன் என்று வஞ்சினம் கூறிப் போருக்கு எழுந்தான். வஞ்சினம் என்பது ஒன்று. வஞ்சம் என்பது வேறொன்று. இரண்டும் ஒலியில் நெருங்கியவை, பொருளில் விலகியவை. வஞ்சினம் என்பது தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் உறுதிமொழி. வஞ்சம் என்பது பிறன்மேல் வைக்கும் நஞ்சு. மறுபோட்டிக்குப் போகின்றவன் நெஞ்சில் இவ்விரண்டில் எது இருக்கின்றது என்பதே என் அளவுகோல்.

நம் ஊர்க் காட்சி ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். முல்லைப் பெரியாற்று அணையின் பயனை உண்டு வாழ்பவர்கள் நாம். மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் ஜான் பென்னிகுயிக். 1887 இல் தொடங்கிய அணை வேலை 1895 இல் முடிந்தது. இடையில் பெருவெள்ளம் வந்து, கட்டிய பகுதிகளை அடித்துச் சென்றது. ஆறு அவரை வீழ்த்தியது என்றே சொல்லலாம். அவர் ஆற்றின்மேல் சினம் கொண்டாரா? வெள்ளம் வரும் பருவம் எது, நீரின் வேகம் எவ்வளவு, எந்த வேலையை எந்த மாதத்தில் செய்வது என்று கற்றுக்கொண்டு மறுபடி கட்டினார். ஆற்றோடு அவர் ஆடிய மறுபோட்டியில் தோற்றவர் எவருமில்லை. அதன் பரிசைத்தான் இன்று நம் வயல்கள் இருபோகமாக வாங்குகின்றன.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பொதுத் தேர்வில் தவறிய மாணவர் துணைத் தேர்வு எழுத வருவர். அவர்களில் இருவகை உண்டு. ஒரு வகையினர், "கேலி செய்தவர் வாயை அடைக்க வேண்டும்" என்று வருவர். மற்றொரு வகையினர், "எந்தக் கணக்கில் தவறினேன்?" என்று கேட்டுக்கொண்டு வருவர். முதல் வகையினர் அதே பாடநூலை அதே முறையில் மறுபடி படிப்பர். படிப்பில் சினம் மிகுமேயன்றித் தெளிவு மிகாது. இரண்டாம் வகையினர் தாம் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பர். தேறுவோர் தொகை எவ்வகையில் மிகுதி என்று நான் சொல்லவும் வேண்டுமோ? ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, பிழையைச் சிவப்பு மையால் கோடிடுவதன்று. அப்பிழை எங்கிருந்து பிறந்தது என்று கண்டறிவது.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடையைக் கூறுகின்றேன். வீழ்ந்த வீரன் மறுபோட்டி கேட்கலாம். கேட்பது அவன் உரிமை. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, தன் தோல்விக்குக் காரணம் இன்னது என்று அவன் அறிந்திருக்க வேண்டும். அது திருத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, உடல் முழுதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை அவன் சொல்லலாகாது, அவன் பணத்தில் பங்குடையோரும் சொல்லலாகாது, மருத்துவரே சொல்ல வேண்டும். மூன்றாவது, எதிரியை அழிக்கும் எண்ணம் நெஞ்சில் இருக்கலாகாது. இம்மூன்றும் நிறைந்தால் மறுபோட்டி நடக்கட்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டா. கையுறையைக் கழற்றி வைப்பது கோழைத்தனம் அன்று.

பாட்டர்சனும் யோகான்சனும் பின்னாளில் என்ன ஆயினர் என்று நீங்கள் அறிய விரும்பலாம். மூன்று முறை ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட அவ்விருவரும் ஆருயிர் நண்பர்களாயினர். கடல் கடந்து ஒருவர் வீட்டிற்கு ஒருவர் விருந்தாகச் சென்று வந்தனர். ஐம்பது வயதை நெருங்கிய பருவத்தில், 1982 இலும் 1983 இலும், ஸ்டாக்ஹோம் நகர மராத்தான் நெடுவோட்டத்தில் இருவரும் கலந்து ஓடினர். இது மகிழ்வூட்டும் செய்தி.

மற்றொரு செய்தியும் உண்டு. 1998 இல் பாட்டர்சன் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்தார். ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுக்கும்போது, முதன்முதல் யாரை வென்று பட்டம் பெற்றோம் என்பதே அவர் நினைவுக்கு வரவில்லை. பதவியை விட்டு விலகினார். யோகான்சனையும் முதுமையில் மறதி நோய் பற்றியது. பாட்டர்சன் 2006 இல் மறைந்தார். யோகான்சன் 2009 இல் மறைந்தார். உலகமே நினைவில் வைத்திருந்த அந்த மூன்று போட்டிகளை, ஆடிய இருவருமே மறந்து போயினர்.

இளைஞர்களே, தோல்வி உங்களுக்கும் வரும். தேர்வில் வரும், விளையாட்டில் வரும், வாழ்வில் வரும். அன்று உங்களை வீழ்த்தியவனை நோக்கிக் கையை ஓங்குமுன், நீங்கள் தாழ்த்திவிட்ட இடக்கை எது என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் நிதானமாகப் பயிற்சி செய்து, உரிய காலம் பார்த்து, மறுபடி களம் புகுங்கள். வென்றால், வீழ்ந்தவனை எழுப்பக் குனியுங்கள். தோற்றால், வென்றவனுடைய கையைக் குலுக்கிவிட்டு வீடு வந்து, மறுநாள் காலையில் உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.